சிறார் ஆடற்பாடல்களும் முதியோர் நினைவும்

சிறார் ஆடுங்கால் பாடும் பாடல்கள் தமிழில் ஓரளவு அச்சேறியுள்ளன. அவற்றைத் தொகுத்தோர் எவரிடம் கேட்டுத் தொகுத்தனர் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பாடினோர் வயதும், ஆட்டம் நிகழ்ந்த இடமும், உடன் ஆடினோர் தொகையும் குறிக்கப்பெறுவது அரிதாக இருத்தலின், ஆடிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியரிடம் கேட்டெழுதியவற்றினும், ஆட்டத்தை விட்டுப் பல யாண்டு கழிந்த முதியோர் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவையே மிகுதி என்று எண்ண வேண்டியுள்ளது. தொகுப்போர் தம் இளமையைத் தாமே நினைவுகூர்ந்து எழுதியனவும் உள. பனையோலை ஏடொன்றைப் பதிப்பிக்கப் புகுவோர் அவ்வேடு எவ்வூரது, எக்காலத்தது, எழுதினோன் மூலத்தை நோக்கி எழுதினானா, ஒருவர் சொல்லக் கேட்டு எழுதினானா என்றெல்லாம் ஆராய்வர். நினைவு என்னும் ஏட்டிற்கு மட்டும் அவ்வாராய்ச்சி வேண்டா என்று விட்டுவிடுகிறோம்.

நினைவு எதனை வைத்துக்கொள்கிறது, எதனை நழுவ விடுகிறது, எதனைத் தானாகச் சேர்க்கிறது என்பவற்றை ஆட்டங்கள் சிலவற்றைக் கொண்டு காண்பதும், அவ்வறிவு பழைய இலக்கியத்தில் ஆடற்பெயர் தாங்கி நிற்கும் பதிகங்களைப் பயில்வதற்கு எவ்வாறு துணை செய்யும் என்று ஆய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். பாடலடிகளை ஈண்டு எடுத்துக்காட்டவில்லை. அவற்றைப் படிப்போர் நன்கறிவர். அன்றியும், எடுத்துக்காட்டப்பெறும் அடியே ஆட்டத்தை மறைத்துவிடுகிறது என்பது நாம் கூறப்புகுவதன் ஒரு பகுதியாகும்.

ஒன்றை முதற்கண் விலக்கிவிடல் வேண்டும். தாலாட்டு, நிலாக் காட்டல், சோறூட்டல், சப்பாணி கொட்டுவித்தல் ஆகியவற்றிற்குரிய பாடல்கள் குழந்தைக்காகத் தாய் பாடுவன. பிள்ளைத்தமிழின் முற்பருவங்கள் ஏழும் இத்தாய் நிலையிலேயே நிற்கின்றன. பாரதியாரின் பாப்பாப் பாட்டும், கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் பாடிய குழந்தைப் பாடல்களும் புலவர் சிறார்க்கெனச் செய்தவை. அவற்றின் சுவை வேறு. ஈண்டுக் கருதப்படுவன சிறார் தமக்குள் வாய்வழியே கைமாற்றிக்கொள்ளும் பாடல்கள் மட்டுமே. ஆங்கில நாட்டில் ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்னும் இருவர் 1959-இல் வெளியிட்ட பள்ளிச் சிறார் வழக்குகள் பற்றிய நூலில் இவ்வேறுபாட்டை வற்புறுத்தினர். பள்ளி முற்றங்களில் வழங்குவனவற்றைச் சிறாரிடமிருந்தே திரட்டினர். நம்மிடையே அவ்வேறுபாடு இன்னும் போதிய அளவு பேணப்படவில்லை. 'குழந்தைப் பாடல்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் மூன்றும் கலந்து கிடக்கின்றன.

சடுகுடு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் புகுவோன் மூச்சு விடாது பாடுதல் வேண்டும். எதிரிகளின் எல்லைக்குள் நிற்கும்போதே பாட்டு அறுந்தால் அவன் தோற்றவன் ஆவான். இங்குப் பாட்டு ஆட்டத்திற்கு அணியாக வந்ததன்று. ஆட்டத்தின் விதியே பாட்டாக நிற்கிறது. ஒருவன் மூச்சு அடங்கி நிற்கிறதா, விட்டுப் போயிற்றா என்பதனைச் சுற்றி நிற்போர் காதால் அறிவதற்கு அமைந்த கருவி அது. ஆதலின் அதன் அமைப்பும் தனித்தன்மை உடையது. முதலில் ஓரிரண்டு அடிகள் பொருளோடு வரும். அவை தன் பெருமை கூறுதலாகவோ எதிரியை இகழ்தலாகவோ அமையும். புறத்திணையில் நெடுமொழி என வழங்கும் துறையின் சாயலை இவற்றில் காண்போர் உளர். அது பொருந்தாமல் இல்லை. பின்னர் இறுதிச்சொல் மட்டும் மீண்டும் மீண்டும் அடுக்கி வரும். பாடுவோன் நடுக்கோட்டை மீளும்வரை அச்சொல்லே பாட்டு. அடியளவு, சீரளவு என்று யாப்பிலக்கணம் வகுத்த அளவைகளுக்கு இங்கு வேலை இல்லை. மூச்சே அளவு. மார்பு வலிய சிறுவன் பாடின் நெடும்பாட்டு; மெலிய சிறுவன் பாடின் அதே பாட்டுக் குறும்பாட்டு.

இப்பாடலை வளர்ந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலிரண்டு அடிகளைத் தெளிவாகச் சொல்வார். இறுதிச்சொல்லின் அடுக்கை இருமுறை சொல்லி, 'இப்படியே போகும்' என்று கையை அசைத்து முடித்துவிடுவார். எழுதிக்கொள்வோரும் அவ்விரண்டடிகளை எழுதி, ஈரடிக் கண்ணி எனப் பெயரிட்டு, எதுகை மோனை நலம் பாராட்டுவர். ஆட்டத்தில் எது பெரும்பகுதியோ அது ஏட்டில் இல்லாதொழிகிறது. தோற்றுவாயாக வந்த சிறுபகுதி பாட்டு முழுமையும் என்று நின்றுவிடுகிறது. நினைவூட்டிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை; மறக்கவும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து சொல்வோர்க்கு மூச்சை அடக்க வேண்டிய தேவை இல்லை. தேவையில்லாதது நாவில் வருவதும் இல்லை.

இவ்வாட்டத்தின் பிற்கால வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. கபடி என்னும் பெயரோடு இது 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுக்களில் பதக்கத்திற்குரிய போட்டியாகச் சேர்க்கப்பெற்றது. போட்டி விதிகள் 'கபடி' என்னும் ஒரு சொல்லையே ஓதுதல் வேண்டும் என்று வரையறுத்தன. ஒருமுறை புகுந்து மீள்வதற்கு 30 விநாடி என்னும் கால எல்லையும் வந்தது. மூச்சு அளந்ததனைக் கடிகாரம் அளக்கலாயிற்று. பல நாட்டார் கூடி ஆடுவதற்கு ஒரே விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை; ஆதலின் இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும், சிறார் பாடல்கள் மறைந்தமைக்குத் திரைப்படத்தையும் வானொலியையும் தொலைக்காட்சியையும் பொதுப்படப் பழிப்போர் சடுகுடுவை ஒருமுறை நோக்குதல் வேண்டும். பாட்டைத் தாங்கி நின்ற விதி நீங்கிற்று. நீங்கவே பாட்டும் நீங்கிற்று.

கல்லாட்டத்தில் இவ்வுண்மை இன்னும் நுட்பமாக விளங்கும். தட்டாங்கல் என்றும், சொட்டாங்கல் என்றும், அஞ்சாங்கல் என்றும், யாழ்ப்பாணத்தில் கொக்கான் என்றும் இது வழங்குகிறது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது வீழுமுன் தரையிலுள்ள கற்களை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் வாரி, வீழும் கல்லையும் அதே கையால் ஏற்றல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பாட்டடி உண்டு. எண்ணுப் பெயரின் முதலெழுத்தோடு மோனை கொண்ட சொற்கள் அவ்வடியில் நிரம்பும். பொருள் தொடர்பு தேடுவது வீண். கல் எழுந்து கையில் வீழும் காலமே ஓரடிக்குரிய காலம். எறிகின்ற கணத்தில் ஓர் அழுத்தமும், ஏற்கின்ற கணத்தில் ஓர் அழுத்தமும் விழும். அச்சிட்ட பாடத்தில் சொற்களைப் பொருள் நோக்கிப் பிரித்து வைக்கிறோம். ஆடுவோர் வாயில் அவை கையை நோக்கிப் பிரிகின்றன. இரண்டு பிரிப்பும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதில்லை. ஒவ்வாதபோது அச்சுப் பாடம் ஓசை குறைந்ததாகத் தோன்றும். அதனைத் 'திருத்த' முற்படுவோர் உள்ள ஓசையையும் கெடுத்துவிடுகின்றனர்.

முதிய பெண்டிரிடம் கல்லாட்டப் பாட்டைக் கேட்டெழுத முயன்றோர் ஒன்றை அறிவர். வெறுமனே சொல்லத் தொடங்கினால் நான்காம் ஐந்தாம் எண்ணோடு பாட்டு நின்றுவிடும். அல்லது ஆறும் ஏழும் இடம் மாறும். கற்களைக் கொணர்ந்து முன்னே வைத்தால், கை ஆடத் தொடங்கியதும், நின்ற அடி தானே வரும். நினைவு நாவில் மட்டும் இல்லை. ஒரு பகுதி கையில் இருக்கிறது. அப்பகுதியை எழுப்பாமல் எழுதிய பாடம் ஏடு சிதைந்த பாடத்திற்கு ஒப்பானது. இக்குறையைப் போக்க ஐந்து கூழாங்கற்கள் போதும் என்பதை எண்ணும்போது, அவற்றைத் தேடாமல் விட்ட தொகுப்பு முயற்சிகள் பற்றி வருந்தாமல் இருக்க இயலவில்லை.

நினைவின் மற்றொரு போக்கு, பொருளற்ற ஒலியைப் பொருளுள்ள சொல்லாக்குதல். மணல் வரம்பில் குச்சியை ஒளித்துக் கண்டுபிடிக்கும் ஆட்டத்தின் பெயர் ஓரிடத்தில் 'கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்' எனவும், மற்றோரிடத்தில் 'தம்பலம்' எனவும் வழங்குகிறது. எது மூலம்? தாம்பாளம் இல்லந்தோறும் இருப்பது. அனைவரும் அறிந்த சொல். தம்பலம் இன்று பலர்க்கு வழக்கொழிந்த சொல். ஏடு பெயர்த்து எழுதுவோன் அரிய சொல்லை எளிய சொல்லாக மாற்றுவது இயல்பு. எளிய சொல்லை அரியதாக மாற்றுவது அரிது. பாடவேறுபாடுகளை ஆய்வோர் அனைவர்க்கும் உடன்பாடான இவ்விதியைக் கொண்டு நோக்கின், 'தம்பலம்' என்பதே முற்பட்ட பாடம் ஆதல் கூடும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களில் பிரதிபேதங்களைக் காட்டிய முறையை நாம் போற்றுகிறோம். வாய்மொழிப் பாடலுக்கும் அம்முறையே உரியது. பாடங்கள் இரண்டையும் ஊர்ப்பெயரோடு காட்டிவிட்டு ஒன்றை மேற்கொள்ளலாம். ஆனால் நடப்பது வேறு. தொகுப்போர் தம் ஊர்ப் பாடத்தை உண்மையெனவும், பிற ஊர்ப் பாடத்தைச் சிதைவெனவும் கொள்கின்றனர். தம் இளமை தமக்கு மூல ஏடாகத் தோன்றுதல் இயற்கையே. ஆராய்ச்சிக்கு அஃது ஒரு பிரதி மட்டுமே.

மறதியினும் கொடியது நாணம். சிறார் பாடல்களில் வசை மிகுதி. நொண்டி, மொட்டை, திக்குவாய், ஆசிரியர், அயல் தெருவார், அயற் சாதியார் என எவரையும் அவை விடுவதில்லை. உடலின் இழிந்த செயல்களைக் கூறிச் சிரிக்கும் பாடல்களுக்கும் குறைவில்லை. வளர்ந்தோர் இவற்றை மறந்துவிடுவதில்லை. புன்முறுவலோடு தாண்டிச் செல்வர், கேட்போரும் வற்புறுத்துவதில்லை. விளைவாக, அச்சில் காணும் தமிழ்ச் சிறார் பூவும் கிளியும் நிலாவும் பாடித் திரியும் தூயோராகவே தோன்றுகின்றனர். ஊர்ச் சிறார் அனைவரும் வேற்றுமையின்றிக் கூடி ஆடினர் என்று முன்னுரைகளில் எழுதுவதற்கும் இதுவே இடம் தருகிறது. விடுபட்ட வசைப் பாடல்கள் அக்கூற்றை மறுக்கும் சான்றுகள். எந்தத் தெருப் பிள்ளை ஆட்டத்தில் சேர்க்கப்பட்டான், எவன் வரம்புக்கு வெளியே நின்று பார்த்தான், எவனைக் கண்டதும் எந்தப் பாட்டு எழுந்தது என்பவற்றை அவை கூறும். அவற்றை மேடையில் பாடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆராய்ச்சி ஏட்டில் எழுதி வைக்கவும் மறுப்பது, வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவதாகும். அக்கிழிந்த பக்கத்தில் இருப்போர் ஆட்டத்தில் இடம்பெறாதவர்களே என்பதும் நினையத்தக்கது.

இனி, நினைவு சேர்ப்பன. பாட்டுக்கு ஒரு தோற்றக் கதை கற்பித்தல் இவற்றுள் தலையாயது. ஆங்கிலச் சிறார் கைகோத்து வட்டமாகச் சுற்றி இறுதியில் வீழும் ரோசாப்பூ வளைய ஆட்டம், கொள்ளைநோயால் மக்கள் மடிந்ததன் நினைவு என்று பலரும் இன்றும் கூறுவர். கேட் கிரீன்அவே 1881-இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் நூலில் அப்பாட்டு இடம்பெற்றுள்ளது. கொள்ளைநோய் விளக்கமோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. ஓப்பி இணையர் அதனை ஏற்கவில்லை. பாட்டு ஒன்று, விளக்கம் மற்றொன்று. விளக்கத்தின் வயது பாட்டின் வயதினும் மிகக் குறைவு.

நம்மிடையே ஓர் எடுத்துக்காட்டு, பூப்பறிக்க வருதல் பற்றிய ஆட்டம். இரு வரிசையாகக் கைகோத்து எதிரெதிர் நின்று, ஒரு வரிசை முன்னேறிப் பாட, மறு வரிசை முன்னேறி வினவும். எந்த மாதம், எந்தப் பூ, எவரை அனுப்புவது என்று வினாவும் விடையும் மாறி மாறி நடக்கும். இறுதியில் பெயர் சுட்டப்பட்ட இருவர் நடுக்கோட்டில் நின்று ஒருவரை ஒருவர் இழுப்பர். இதனைப் பண்டைத் தமிழ் மகளிரின் பூக்கொய் விளையாட்டின் எச்சம் என்று கூறக் கேட்கிறோம். ஆங்கிலச் சிறாரிடையே, மே மாதத்தில் கொட்டை பறிக்க வருதலைப் பற்றிய ஆட்டம் ஒன்று உண்டு. ஆலிஸ் கோம் அம்மையார் 1894-லும் 1898-லும் இரு தொகுதிகளாக வெளியிட்ட விளையாட்டு நூலில் அது விரிவாகக் காணப்பெறும். இரு வரிசை, முன்னேறிப் பின்வாங்கல், மாதம், பறிக்கும் பொருள், எவரைக் கொள்வது, கொணர எவரை அனுப்புவது, நடுக்கோட்டில் இழுத்தல் எனக் கூறுகள் அனைத்தும் ஒத்துள்ளன. நம் ஊர்கள் சிலவற்றில் வழங்கும் பாடத்தில் ஆங்கில மாதப் பெயரே வருகிறது. இத்தனை ஒற்றுமையும் தற்செயல் எனக் கொள்ளல் அரிது. ஐரோப்பியர் நடத்திய பள்ளிகளின் முற்றங்கள் வழியே இவ்வாட்டம் வந்து, கொட்டை பூவாகி, நம் சிறார்க்கு உரியதாயிற்று என்பதே பொருத்தமாகப் படுகிறது. இதனால் அவ்வாட்டத்தின் அழகு குறைவதில்லை. அமெரிக்கச் சிறார் பாடல்களை 1883-இல் தொகுத்த நியூவெல் என்பார், சிறார் பழமையை விடாது காப்போராகவும் புதியன புனைவோராகவும் ஒருங்கே விளங்குதலை எடுத்துரைத்தார். கடன் கொண்டதைத் தமதாக்கும் ஆற்றல் அவ்விரண்டன் கூட்டுறவால் வருவது. சங்க காலத்தை வருவித்து அதனை மறைத்தல் வேண்டா.

தோற்றம் ஆராய்வதில் நம் அறிஞர்க்கு எப்போதும் ஒரு விரைவு உண்டு. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' இத்துறையில் போற்றத்தக்க நூல். ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் பகுத்து எழுதிய அந்நூல், பாட்டை மட்டும் பெயர்த்தெழுதும் வழக்கத்திற்கு நேர்மாறான நெறியைக் காட்டிற்று. தோற்றம் கூறும் பகுதிகளில் உய்த்துணர்வு மிகுந்திருப்பினும், ஆடுமுறை கூறும் பகுதிகள் இன்று ஈடு செய்ய முடியாதவை. பெர்சி மக்வீன் திரட்டியவற்றைக் கொண்டு கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இலும், நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இலும் வெளிவந்தன. பின்வந்த தொகுப்பாளர் பலர் இவ்விரண்டின் வழியே சென்றனர். பாவாணரின் ஆடுமுறை நெறி பின்பற்றுவோர் இன்றி நின்றது. பாட்டுத் தொகுப்பும் ஆட்டத் தொகுப்பும் இரு வேறு துறைகளாகப் பிரிந்தது அப்போதுதான் போலும்.

பழைய இலக்கியத்திற்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறை மகளிர் மணலில் பொற்கழங்கு ஆடும் காட்சி உண்டு. அங்கு ஆட்டம் இருக்கிறது; பாட்டுப் பற்றிய குறிப்பு இல்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என ஒன்றைக் கூறுகிறார். பேராசிரியர் அதற்கு மோதிரப் பாட்டு, வஞ்சிப் பாட்டு, கடகண்டு முதலியவற்றைப் பெயர் சுட்டிச் செல்கிறார். அங்குப் பாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. மோதிரத்தை மறைத்துக் கண்டுபிடிக்கும் சிறார் ஆட்டத்தோடு மோதிரப் பாட்டை இணைத்துப் பார்க்கும் ஆசை எழுகிறது. சான்றில்லாமையால் அவ்வாசையை அடக்குதல் நன்று.

திருவாசகத்தில் திருவம்மானை, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என ஆடற்பெயர் தாங்கிய பதிகங்கள் உள்ளன. பெரியாழ்வார் உந்திபற என முடியும் பாடல்களையும், திருமங்கையாழ்வார் சாழல் பாடல்களையும் பாடியுள்ளனர். இலக்கிய வரலாறு எழுதுவோர் இவற்றை அக்காலச் சிறுமியர் பாடல்களுக்கு நேர்ச்சான்றாகக் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மையே. இப்புலவர்கள் வளர்ந்தோர், ஆடவர், ஆட்டத்தில் நின்று பாடியவர் அல்லர். அவர்களும் நம் தொகுப்பாளரிடம் பாட்டுச் சொன்ன முதியோர் போன்று, ஆட்டத்திற்கு வெளியே நின்று நினைவுகூர்ந்தவர்களே. ஆதலின் அவர்கள் நினைவு எதனை எடுத்தது, எதனை விட்டது என்னும் வினாவை இங்கும் எழுப்புதல் தகும்.

எடுத்தது வெளிப்படை. பாட்டின் இறுதியில் மீண்டும் மீண்டும் வரும் ஆடற்சொல்லை எடுத்தனர். விட்டது ஆடுமுறை. உந்தி என்பது கையால் உந்துதலா, காலால் எழும்பிப் பாய்தலா என்று உரை காண்போர் வேறுபடுகின்றனர். தெள்ளேணம் கொட்டப்படுவது என்பதற்கு மேல் துணிந்து கூற ஒன்றும் இல்லை. சொல் ஆயிரம் யாண்டு வாழ்ந்தது. கையும் காலும் செய்தது ஒருவர் தலைமுறையோடு போயிற்று.

ஆயினும் இப்பதிகங்களில் ஆட்டம் முற்றும் அழிந்துவிடவில்லை என்பது என் கருத்து. திருச்சாழலை நோக்குக. பாடல் இருபதிலும் முற்பகுதி இறைவனைப் பழிக்கிறது. நீறு பூசுவதும், பாம்பு அணிவதும், சுடலையில் உறைவதும் ஏளனத்திற்கு உள்ளாகின்றன. பிற்பகுதி விடை கூறிப் பழியைப் புகழாக்குகிறது. திருமங்கையாழ்வார் பாடல்களிலும் எளிமை கூறி இகழ்தலும் பெருமை கூறி விடுத்தலுமாக இவ்வமைப்பே உள்ளது. இதனை வஞ்சப்புகழ்ச்சி என அணியிலக்கணம் கொண்டு விளக்கிவிடலாம். ஆனால் இரு சமயத்துப் புலவர் ஒரே ஆடற்பெயரின்கீழ் ஒரே அமைப்பைக் கையாளுதல் அணியால் வந்ததன்று, ஆட்டத்தால் வந்தது. சாழல் என்பது இரு பக்கமாகப் பிரிந்த சிறுமியர் ஒரு பக்கத்தார் தலைவனை மறுபக்கத்தார் ஏசும் ஆட்டமாக இருந்திருத்தல் வேண்டும். பெரியாழ்வாரின் உந்திப் பாடல்களிலும் ஒருத்தி கண்ணனையும் மற்றொருத்தி இராமனையும் மாறி மாறிப் பாடுதல் இக்கருத்துக்கு அரணாகிறது. முதியோர் நினைவு நாணி விட்டுவிடும் வசை, சாழலில் விடுபடாமல் நிற்கிறது. வசைக்கு இலக்கானவன் இறைவன் ஆதலின், எவரும் நாண வேண்டிய தேவை இல்லாது போயிற்று!

திருவுந்தியாரில் ஆட்டத்தின் தடம் வேறு வகையாகத் தெரிகிறது. பாடல்கள் மிகக் குறுகியவை, மூன்றடியில் முடிவன. தக்கன் வேள்வி கூறும் பகுதியில் ஒரு பாட்டுக்கு ஒருவராகத் தேவர்கள் உறுப்பிழந்து வெளியேறுகின்றனர். தீக்கடவுள் கையிழக்கிறான், பகன் கண்ணிழக்கிறான், கதிரவன் பல்லிழக்கிறான், நாமகள் மூக்கிழக்கிறாள், இந்திரன் குயிலாகி மரமேறி ஒளிகிறான். கதை புராணம் தந்தது என்பதில் ஐயமில்லை. தேவாரத்திலும் தக்கன் வேள்வி பலமுறை பேசப்படுகிறது. ஆனால் அதனை ஆளுக்கு ஒரு பாட்டாகப் பிரித்து, துன்பத்தைத் துன்பமாகக் கொள்ளாத ஒரு குறும்புச் சிரிப்போடு அடுக்கிச் செல்லும் முறையைத் தந்தது எது? ஒருவர்பின் ஒருவராகத் தோற்று வெளியேறும் சிறார் ஆட்டத்தை அறிந்தவர்க்கு இம்முறை புதியதன்று. மரமேறி ஒளியும் இந்திரனை எந்தத் தெருவிலும் காணலாம்.

இதனோடு, பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகக் கூறப்பெறும் திருவியலூர் உய்யவந்த தேவரின் திருவுந்தியாரை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சைவ சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய அந்நூலிலும் மூன்றடியும் இறுதிச்சொல்லும் அப்படியே உள்ளன. அங்கு எவரும் வெளியேறுவதில்லை. எவரும் சிரிப்பதும் இல்லை. இரமண மகரிஷி 1927-இல் அருளிய முப்பது பாடல்கள் கொண்ட உபதேச உந்தியாரும் அவ்வழியது. ஞானநூல் என்ற அளவில் அவற்றின் சிறப்பு வேறு. ஆட்டத்திற்குச் சான்றாக அவற்றைக் கொள்ள இயலாது. மாணிக்கவாசகர் ஆட்டத்தைக் கேட்டவர்; பின்வந்தோர் மாணிக்கவாசகரைக் கேட்டவர்.

அம்மானை இன்னும் நெடுந்தொலைவு சென்றது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அம்மானை வரி கந்துக வரியோடும் ஊசல் வரியோடும் நிற்கிறது. ஆடல் மகளிர் கண்முன் உள்ளனர். கலம்பகத்தில் உறுப்பாகி, ஒருத்தி கூற, ஒருத்தி வினவ, ஒருத்தி சிலேடையால் விடுக்கும் சொற்போராயிற்று. பிற்காலத்தில் 'இராமப்பய்யன் அம்மானை' போன்ற கதைப்பாடல்களில் படையெடுப்பையும் போரையும் கூறும் அடிகளின் இறுதியில் அச்சொல் அசைநிலை போல் வந்து விழுகிறது. காயை எறிந்து ஏற்கும் கை அங்கு இல்லை. எறிதலும் ஏற்றலும் தந்த ஓசை இடைவெளி மட்டும் அடியிறுதியில் எஞ்சி நிற்கிறது. கல்லாட்டப் பாட்டில் நாம் கண்ட அழுத்தங்களைக் கொண்டு இவ்வோசையை அளந்து பார்த்தவர் இல்லை.

அளக்க வேண்டுமாயின், ஆடும் நிலையிலேயே பாட்டைப் பதிவு செய்தல் வேண்டும். ஓப்பி இணையர் ஆடற்பாடல்களைப் பற்றி 1985-இல் வெளியிட்ட நூல் பாட்டோடு இசையையும் அசைவையும் தந்தது. ஒலியும் காட்சியும் ஒருங்கே பதியும் கருவிகள் இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் உள்ளன. முற்காலத் தொகுப்பாளர்க்கு இவ்வாய்ப்பு இருந்ததில்லை. திருநெல்வேலிப் பகுதியில் கல்லாடி வளர்ந்த முதிய பெண்டிரும், யாழ்ப்பாணத்தில் கொக்கான் ஆடி வளர்ந்தோரும் நம்மிடையே இன்னும் உள்ளனர். இருசாராரின் பாட்டையும், கற்களை அவர்கள் கையில் கொடுத்தபின், எண் வரிசைப்படி அடிக்கு அடி பதிவு செய்து, எறிதலுக்கும் ஏற்றலுக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறித்து, எந்த எண்ணின் அடி இரு நாட்டிலும் ஒத்துள்ளது, எது வேறுபடுகிறது என்று காட்டும் ஆய்வேடு ஒன்று முதலில் வேண்டும். வசை அடிகளை அதில் விடலாகாது. அப்பதிவு கைக்கு வந்தபின் அம்மானை வரியின் யாப்பைப் பற்றி மீண்டும் பேசலாம்.